மாசி, பங்குனியில் கும்பகோணம்: என்ன மாறும், எப்போது மாறும்?

#1 பாணாதுறை

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை கும்பகோணம் எப்படி இருக்கும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். கோயில் பட்டியல் எங்கும் கிடைக்கிறது, அது இங்கே வேண்டாம். எந்த மரம் எப்போது தழைக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்குமா, மாசி மகத்தன்று எங்கே நிற்பது, வீடுகளில் என்ன வேலை ஓடும், கடைத்தெருவுக்குப் புதிதாக என்ன வரும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். நாள், அளவு, பக்குவம் இருந்தால் நல்லது. “வசந்தம் பூத்துக் குலுங்கும்” வகைப் பதிவுகளுக்கு வேறு இழை இருக்கிறது.

#2 வாக்கியமும் திருக்கணிதமும்

முதலில் பெயரைச் சரி செய்துவிடலாம். நம் ஆறு பருவங்களில் மாசி, பங்குனி பின்பனி. இளவேனில் என்பது சித்திரை, வைகாசி. ஆக நீங்கள் கேட்பது இளவேனிலுக்கு முந்தைய இரண்டு மாதம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பதெல்லாம் மாசி முதல் பாதிக்குத்தான் பொருந்தும். பங்குனி பிறந்தால் பனி விடியற்காலை வைக்கோல் போரின் மேல் மட்டும் மிச்சம் இருக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: இந்த இரண்டு மாதத்தில் சாயங்காலம் மாறுவதே இல்லை. கும்பகோணத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைக்குக் கணக்குப் போட்டால் மாசி 1-ஐ ஒட்டி (பிப்ரவரி 13) உதயம் 6:34, அஸ்தமனம் 6:20. பங்குனி 1-ஐ ஒட்டி உதயம் 6:20, அஸ்தமனம் 6:23. சித்திரை 1 அன்று உதயம் 6:01, அஸ்தமனம் 6:23. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருக்கலாம். அதாவது விடியல் அரை மணிக்கு மேல் முந்திவிடுகிறது, அந்தி இருந்த இடத்திலேயே நிற்கிறது. பகல் நீள்வதோடு உச்சிவேளையும் முன்னால் நகர்வதால் இப்படி. மாசியில் சூரியன் உச்சிக்கு வருவது 12:27-க்கு, சித்திரை பிறக்கும்போது 12:12-க்கு. ஊரில் மாற்றம் பார்க்க வருகிறவர் காலை 5:45-க்கு வீதியில் இருக்க வேண்டும். மாலையில் வந்தால் கடலை வண்டியைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது.

#3 இலுப்பை நிழல்

மரங்கள். ஒரே வகை மரம் ஆற்றங்கரையில் ஒரு வாரம், கோயில் மதிலுக்குள் ஒரு வாரம் என்று பிந்தும். தோராய வரிசை இது.

மாசி முதல் பாதியில் வேம்பு இலை கொட்டும். அரசு பழுத்து உதிர்ந்து, இரண்டு வாரத்துக்குள் செம்பு நிறத்தில் துளிர்விடும். எதிர்வெயிலில் பார்த்தால் அந்தத் துளிர் இலை போல இராது, மெழுகுத் தாள் போல இருக்கும். கல்யாண முருங்கை இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும், மைனாக்கள் அதை விட்டு நகராது. வாகை நெற்று காய்ந்து காற்றில் கலகலக்கும். பூ இன்னும் வராது, சத்தம் மட்டும்தான்.

மாசி கடைசியில் புங்கம் மொட்டையாகி, பத்தே நாளில் பளபளவென்று பச்சை பிடிக்கும். வெயிலுக்கு ஒதுங்க அதற்கு இணை கிடையாது. அந்த நேரத்துக்குச் சரியாகத் தழைக்கும் மரமும் அதுதான். இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்க ஆரம்பிக்கும்.

பங்குனியில் வேம்பு பூக்கும், இலுப்பை பூக்கும். இலுப்பைப் பூ ராத்திரி விரிந்து விடியலில் உதிரும். தடித்த, வெளிர்மஞ்சள், தித்திப்பான பூ. வௌவால் முந்தினால் உங்களுக்கு மிச்சம் கம்மி. சரக்கொன்றைக்கு அவசரப்பட வேண்டாம், அது சித்திரைக் கணக்கு.

பறவையில், குயில் மாசி பின்பாதியில் தொண்டையைத் திறக்கும். ஆறுமணிக் குருவி குளிர்காலத்துக்கு வந்தது. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சுருதியில் விசிலடிக்கும். ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும். ஒரு நாள் குரல் இல்லையே என்று தோன்றினால் போய்விட்டது என்று அர்த்தம்.

#4 ஒரு கைப்பிடி வேப்பம்பூ

இலுப்பை நிழல் சார் சொன்னதோடு: வேப்பம்பூ எடுக்கிறவர்கள் மரத்தை உலுக்கக் கூடாது. உலுக்கினால் காம்பும் பிஞ்சும் சேர்ந்து விழுந்து கசப்பு முரடாகிவிடும். முதல் நாள் ராத்திரி மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட வேண்டும். விடிந்து பனி ஈரம் காய்ந்ததும் சுருட்டி எடுத்து, முறத்தில் புடைத்தால் காம்பும் எறும்பும் போய்விடும். நிழலில் காற்றாட 2 நாள், மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் வெயில். நேரே வெயிலில் போட்டால் ஒரே நாளில் காய்ந்துவிடும்தான், ஆனால் பழுப்பாகி வாசனை போய்விடும். பாதி காய்ந்ததை டப்பாவில் அடைத்தால் ஆடிக்குள் பூஞ்சை. கையில் கசக்கினால் பொடியாக வேண்டும், அதுதான் பதம்.

சித்திரை 1 பச்சடிக்கு மட்டும் புதுப் பூ. காய்ந்தது ரசத்துக்கு. நெய்யில் போட்டுக் கறுக்குமுன் எடுத்துவிடுங்கள்.

#5 மொட்டைமாடி

வீட்டு வேலை என்றால் இந்த ஊரில் இந்த இரண்டு மாதமும் மொட்டைமாடி வேலைதான். தை வெயிலில் சூடு போதாது. சித்திரையில் தரை கொதித்து, வடாம் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். மாசி பாதியிலிருந்து பங்குனி வரைதான் வெயிலும் காற்றும் சேர்ந்து வேலை செய்யும்.

பிழியும் அரிசி வடாம், அரைப் படிக் கணக்கு:

பச்சரிசி 4 ஆழாக்கு, ஜவ்வரிசி அரை ஆழாக்கு. அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் உலர்த்தி நைசாக அரைக்க வேண்டும். ஜவ்வரிசியை ராத்திரியே ஊறப்போடுங்கள். பச்சைமிளகாய் 60 கிராம், பெருங்காயம், எலுமிச்சம்பழம் 3. உப்பு வாய்க்குச் சரியாக இருக்கிற அளவில் முக்கால் பங்கு. காய்ந்து சுருங்கும்போது உப்பு ஏறிவிடும், இதில்தான் முதல் தடவை செய்கிறவர்கள் எல்லாரும் தோற்பது.

அடிகனமான பாத்திரத்தில் 8 முதல் 9 ஆழாக்குத் தண்ணீர் கொதிக்க வேண்டும். முதலில் ஜவ்வரிசி. அது கண்ணாடியாக ஆனபிறகு மிளகாய் விழுது, உப்பு, பெருங்காயம். அடுப்பைக் குறைத்து மாவைத் தூவிக்கொண்டே கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும், கட்டி அச்சில் அடைக்கும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல், மேலே ஒரு மினுமினுப்பு வந்தால் வெந்துவிட்டது. இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகு எலுமிச்சைச் சாறு. கொதிக்கும்போது விட்டால் கசக்கும்.

காலை 5 மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் 7:30-க்குள் பிழிந்து முடிக்கலாம். சூடு ஆறினால் அச்சு திருகுவதற்கு ஆள் வைக்க வேண்டியதுதான். அன்று சாயங்காலமே திருப்பிப் போட்டு, 3 நாள் காயவைத்து, ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். காக்காய்க்குக் கறுப்புக் குடை விரித்து வையுங்கள், அதைவிட மேலான கண்டுபிடிப்பு இன்னும் வரவில்லை.

#6 நாலாம் வீதி

மொட்டைமாடி அக்கா, மூன்று சந்தேகம். காயும்போதே துண்டு துண்டாக ஒடிவது ஏன்? பொரித்தால் சிவந்துபோவது ஏன்? துணியில் பிழிவதா, பிளாஸ்டிக் ஷீட்டிலா?

#7 மொட்டைமாடி

ஒடிவது மாவு வேகாததால். தண்ணீர் குறைந்தாலும் அதே கதி. பிழியும்போதே இழை அறுந்து அறுந்து விழுந்தால் அப்போதே தெரிந்துவிடும். மாவைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, கொதிநீர் தெளித்து மூடி வையுங்கள்.

சிவப்பதற்குப் பெரும்பாலும் மாவு புளித்திருக்கும். அரிசி ராத்திரி முழுக்க ஊறினாலோ, ஈரமாவை மறுநாள் வரை வைத்தாலோ அப்படி ஆகும். முதல் நாள் மேகமூட்டமாகி ஈரமாகவே கிடந்தாலும் சிவக்கும், வாடையும் வரும். அன்றைக்கு வெயில் வராது போல இருந்தால் கூழே கிளறாதீர்கள். பொரித்தபிறகு நடுவில் வெள்ளையாக, கடுக்கென்று இருந்தால் அது வேறு விஷயம். உள்ளே காயவில்லை, இன்னொரு நாள் போடுங்கள்.

துணியில் நன்றாகக் காயும், எடுக்க முதுகுப் பக்கம் தண்ணீர் தெளிக்க வேண்டும், மறுபடி ஒரு வெயில். ஷீட்டில் உரிக்க சுலபம், அடியில் வியர்க்கும். அச்சில் பிழிவதற்கு ஷீட், ஊற்றும் கூழ் வடாமுக்குத் துணி. பங்குனிக் காற்றில் ஷீட் பறக்கும், நாலு மூலைக்குச் செங்கல் போதாது, நடுவிலும் வேண்டும்.

#8 வண்டல்

ஊரைச் சுற்றி 2 கிலோமீட்டர் போனால் எல்லாம் வயல், அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறையாது. தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுப்பு. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பதால் நெல்லைச் சாலையிலேயே காயப்போடுவார்கள். இருசக்கர வண்டியில் வருகிறவர்கள் நெல் ஓரத்தில் வைத்த கல்லைப் பார்த்து ஓட்டவும், ராத்திரியில் அதுதான் ஆபத்து.

அறுத்த வயல் பழுப்பாகக் கிடக்கும் என்று நினைத்து வருகிறவர்களுக்குப் பச்சை தெரிவது ஏன் என்றால், அது நெல் தரிசு உளுந்து. உழுவது கிடையாது. நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு 5 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 கிலோ விதையைத் தாளுக்குள் வீசுவார்கள். கால் புதைந்தால் ஈரம் அதிகம், விதை அழுகும். கால் தடமே விழாவிட்டால் முளைக்காது. ஆடுதுறை 3 ரகம் 70, 75 நாளில் வரும். தை பாதிக்குள் தெளித்தால் பங்குனி முடிவதற்குள் பறித்துவிடலாம். மாசிக்குத் தள்ளினால் காய் பிடிக்கும்போது மண்ணில் ஈரம் இருக்காது, மழையை நம்ப வேண்டியதுதான்.

இயந்திர அறுப்பு வந்ததிலிருந்து இதில் பெரிய சிக்கல். பத்து நாள் முன்னே தெளித்தால் முளைத்த செடி டயரில் நசுங்கும். அதனால் அறுப்புக்கு மூன்று நாலு நாள் முன்போ, அதே நாளில் இயந்திரம் இறங்குமுன்னோ தெளிக்கிறார்கள். இயந்திரம் வரிசையாகக் கொட்டும் வைக்கோலை உடனே எடுக்க வேண்டும். இரண்டு நாள் விட்டால் அடியில் உளுந்து வெளுத்து நூலாகிவிடும். மாசிக் கடைசியில் வயலில் நீள நீளமாக வெறும் பட்டை தெரிந்தால் அது வைக்கோல் கிடந்த இடம்.

பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாள் ராத்திரி 20 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, தெளிவை மட்டும் வடித்து, 200 லிட்டராக்குவது. கலங்கலோடு ஊற்றினால் தெளிப்பான் முனை அடைக்கும். தெளிப்பது மாலையில்தான்.

#9 பதினாறு மண்டபம்

ஆறும் குளமும். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம், அதனால் மாசியில் ஆறு மெலிந்து, பங்குனியில் மணலாகத் தெரியும். படித்துறையின் கீழ்ப்படிகளைப் பார்க்க வேண்டும் என்றால் இதுதான் சமயம். தண்ணீர் போகும் காலத்தில் அவை மூழ்கியிருக்கும்.

மாசி மகத்துக்குப் பத்து நாள் முன்பு ஆதிகும்பேஸ்வரர் உட்பட சிவன் கோயில்களில் கொடி ஏறும். மகத்தன்று சுவாமிகள் மகாமகக் குளக்கரைக்கு வந்து, உச்சிவேளையை ஒட்டித் தீர்த்தவாரி. பெருமாள் கோயில்களுக்குத் தீர்த்தவாரி காவிரியில் சக்கரப் படித்துறையில், சக்கரபாணி தேரும் அதே உற்சவத்தில்தான். இரண்டையும் பார்க்க நினைத்தால் நடந்தே போங்கள், ஆட்டோ சந்துக்குள் மாட்டிக்கொள்ளும்.

எங்கே நிற்பது: குளத்தின் வடகரையில் காசி விஸ்வநாதர், கீழ்கரையில் அபிமுகேஸ்வரர். நடுப்பகல் ஆகையால் எந்தக் கரையிலும் நிழல் கிடையாது. கரையைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களின் நிழல்தான் உண்டு, அது 9 மணிக்கே நிரம்பிவிடும். கருங்கல் படி 11 மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. நனைத்த துண்டு ஒன்று கையில் இருக்கட்டும், போட்டு அதன்மேல் நிற்கலாம். குளத்துக்குள் 20 தீர்த்தக் கிணறுகள். மகாமகக் குளம், பிறகு பொற்றாமரைக் குளம், பிறகு காவிரி என்று குளிப்பது மரபு. கடைசிக் குளியலுக்கு ஆற்றில் முழங்கால் அளவு கிடைத்தால் அதிருஷ்டம்.

இது வருஷா வருஷம் வரும் மாசி மகம். குரு சிம்மத்தில் இருக்கும்போது வருவதுதான் மகாமகம். 1992, 2004, 2016-க்குப் பிறகு அடுத்தது 2028. அந்த வருஷம் மேலே சொன்ன எதுவும் செல்லாது, நிற்க இடம் நாம் தேர்ந்தெடுப்பதில்லை.

பங்குனியில் கூட்டம் ஊருக்கு வெளியே நகரும். ஒப்பிலியப்பன் கோயிலில் பிரம்மோற்சவம், நாச்சியார்கோயிலில் கல் கருட சேவை. கருடனைச் சந்நிதியிலிருந்து 4 பேர் எடுத்து, 8, 16, 32 என்று ஆள் ஏறி, வாசலில் 64 பேர் ஆகும் வரிசையைப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே உள்ளே இருக்க வேண்டும். வெளியே நின்றால் கடைசிக் கணக்கு மட்டும்தான் கிடைக்கும்.

#10 ஒரு கைப்பிடி வேப்பம்பூ

கடைத்தெருவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மாசியில் புதுப்புளி, புது மிளகாய் வந்துவிடும். வருஷ சாமான் வாங்குகிற மாதம். பங்குனியில் மாவடு, கடைசியில் நுங்கு.

மாவடு வாங்கும்போது காம்பைப் பாருங்கள். அரை அங்குலக் காம்போடு இருந்தால் பறித்தது. காம்பில்லாமல் ஒரு பக்கம் கறுத்திருந்தால் காற்றில் விழுந்தது, ஊறுகாயில் அதுதான் முதலில் கொழகொழக்கும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். ஒன்றைக் கடித்துப் பாருங்கள், உள்ளே கொட்டை பல்லில் வெட்டுப்பட வேண்டும்.

1 கிலோ வடுவுக்குக் கல் உப்பு 200 கிராம், விளக்கெண்ணெய் 2 தேக்கரண்டி, மஞ்சள்பொடி 1 தேக்கரண்டி, மிளகாய்வற்றல் 50 கிராம், கடுகு 25 கிராம். கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, எண்ணெயில் புரட்டி, ஜாடியில் ஒரு அடுக்கு வடு, ஒரு அடுக்கு உப்பு மஞ்சள். தினம் இரண்டு வேளை குலுக்க வேண்டும், கரண்டி போடக் கூடாது. நாலாம் நாள் தோல் சுருங்கி, வடு முங்கத் தண்ணீர் விட்டிருக்கும். விடவில்லையென்றால் உப்பு போதவில்லை. வெயிலில் காய்ந்த மிளகாயையும் கடுகையும் அந்த உப்புத் தண்ணீரிலேயே அரைத்துக் கலந்தால் முடிந்தது. வேறு தண்ணீர் ஒரு சொட்டு பட்டாலும் மேலே வெள்ளைப் படலம் வரும். இருபது நாளில் சாப்பிடலாம்.

மாசி கடைசி நாளும் பங்குனியும் கூடும் நேரத்தில் காரடையான் நோன்பு. நேரம் வருஷத்துக்கு வருஷம் மாறும், சில வருஷம் நடுராத்திரி. மாசிக் கயிறு பாசி படியும் என்பார்கள், அதனால் நோன்புச் சரட்டை மாசி இருக்கும்போதே கட்டிவிடப் பார்ப்பார்கள். நோன்பு அடைக்கு: வறுத்த அரிசி மாவு 1 டம்ளர், வெல்லம் முக்கால், தண்ணீர் 2, வெந்த காராமணி ஒரு கைப்பிடி. வெல்லம் கரைந்து கொதி வந்தால் போதும். பாகாகிவிட்டால் அடை கல்.

#11 நாலாம் வீதி

மண்பானை விட்டுப்போச்சு. பங்குனியில் ரோட்டோரம் குவிந்துவிடும். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் விரிசல். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி, முதல் இரண்டு நாள் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், மண்வாடை போகும். ஈர மணல் மேல், காற்று வரும் ஜன்னல் பக்கம். மூலையில் வைத்துவிட்டுக் குளிரவில்லை என்கிறவர்கள்தான் அதிகம். மேலே கசியும் ஈரம் காற்றில் உலர்ந்தால்தான் உள்ளே குளிரும். சோப்பு வேண்டாம், தேங்காய் நார் போதும். ஒரு மாதத்தில் வெளியே வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைத் தேய்த்து எடுக்காவிட்டால் துளை அடைத்து, பானை வெறும் பாத்திரமாகிவிடும்.

#12 பாணாதுறை

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: ஒரே வாரம்தான் லீவு கிடைக்கும் என்றால் எந்த வாரம்? நாகேஸ்வரன் கோயிலில் சூரிய ஒளி லிங்கத்தின் மேல் விழுவதும் சேருமா?

#13 வாக்கியமும் திருக்கணிதமும்

சேராது. அது சித்திரை 11, 12, 13. அதே பாதையில் சூரியன் ஆவணி பிறக்கும் சமயத்திலும் உதிக்கும், ஆனால் மேகம் இருக்கும், யாரும் பார்க்கப் போவதில்லை. கும்பகோணத்தில் நிழல் காலடியில் விழும் நாளும் ஏப்ரல் 18-ஐ ஒட்டித்தான்.

#14 இலுப்பை நிழல்

என் கணக்கு பங்குனி இரண்டாம் வாரம். புங்கம் பச்சை பிடித்திருக்கும், வேம்பு பூக்கத் தொடங்கியிருக்கும், உளுந்து காய்த்து நிற்கும், ஆறுமணிக் குருவியும் இன்னும் போயிருக்காது.

#15 மொட்டைமாடி

மகம் வேண்டாமென்றால் அது சரி. மகம் வேண்டுமென்றால் அந்த வாரத்தில் வடாமைப் பார்க்க முடியாது. எல்லார் மாடியிலும் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் படுத்திருப்பார்கள்.